எதிர்க்கடை இல்லாத மாத்திரை

அன்புள்ள அக்கா,

மன்னிக்க வேண்டும். நேரில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாதவள், நீங்கள் போய் ஒரு வருடம் கழித்து எழுத உட்கார்ந்திருக்கிறேன். இன்று காலை கடைக்கு வந்த பெட்டியைப் பிரித்தேன். மேலாக உங்கள் மாத்திரை இருந்தது. அதே நீல அட்டை, விலை மட்டும் புதிது.

சத்திரம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் எங்கள் மருந்துக்கடையில்தான் அது கிடைக்கும் என்று ஸ்ரீரங்கத்திலிருந்து மாதாமாதம் வருவீர்கள். உங்கள் மாவுக்கடையிலிருந்து நேராக வருவதால் கையில் அரைத்த உளுந்தின் வாசனை இருக்கும். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரியான நான் தலை நிமிராமல் பில் போடுவேன்.

"ஏம்மா, வாயில கொழுக்கட்டையா வச்சிருக்க? எவ்வளவு ஏறியிருக்குன்னு சொல்லு."

ஒரு ஏப்ரலில் சொன்னேன். விலைவாசி ஏறினால் மருந்து விலையையும் ஓரளவு ஏற்றிக்கொள்ள விதி இருக்கிறது, கம்பெனிக்கும் செலவு கூடுகிறதே என்று. நீங்கள் கோபப்படவில்லை.

"நியாயந்தான். எனக்கும் உளுந்து விலை ஏறுது. ஆனா நான் மாவு விலைய ஏத்தினா எதிர்க்கடைக்குப் போயிடுவாங்க. இந்த மாத்திரைக்கு எதிர்க்கடை எங்கம்மா இருக்கு?"

ஒரே கம்பெனிதான் செய்யலாம் என்கிற காப்புரிமையைப் பாடமாகப் படித்த எனக்கு அதை அவ்வளவு சுருக்கமாகச் சொல்லத் தெரியாது.

"உளுந்து இறங்கினா நான் ஒரு கரண்டி கூட ஊத்துவேன். இவங்க ஊத்துவாங்களா?" என்றும் கேட்டீர்கள். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

அதற்குப் பிறகு முப்பது நாள் மாத்திரை உங்களுக்கு அறுபது நாள் வந்தது. பழைய பில்லின் தேதியைப் பார்த்தும் கேட்கக் கூச்சப்பட்டேன். மூன்றாவது முறைதான் வாய் திறந்தது. "அக்கா, பாதியா உடைச்சா போடுறீங்க?"

"ஊர் பூரா சொல்லாத. பாதி உயிருக்குப் பாதி மாத்திரை போதும்."

மறுநாள் லீவு போட்டு உங்களோடு ஆஸ்பத்திரிக்கு வந்தேன். டாக்டர் முதலில் திட்டினார், பிறகு மருந்துச் செலவுக்கான உதவித் திட்டத்துக்கு மனு எழுதிக் கொடுத்தார். அதன்பின் இரண்டு வருடம் முழு மாத்திரை போட்டீர்கள். மாவும் அரைத்தீர்கள். நீங்கள் இறந்த பிறகு, நான் முன்பே கேட்டிருந்தால் இன்னும் இருந்திருப்பீர்களா என்று டாக்டரிடம் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை.

இப்போது யார் தாமதமாக வந்தாலும் கேட்டுவிடுகிறேன், பில்லை நீட்டும்போது மெதுவாக. சிலர் முறைக்கிறார்கள், பலர் உண்மையைச் சொல்கிறார்கள். போன மாதம் ஒரு பெரியவருக்கு மனு எழுதிக் கொடுத்தேன். அவருக்கும் கிடைத்துவிட்டது.

காப்புரிமை மருந்துகளின் விலையை விலைவாசிக்கு ஏற்ப எப்படி மாற்றலாம் என்று அரசு கருத்துக் கேட்டிருக்கிறது. திருச்சி மருந்துக்கடைக்காரர்கள் சேர்ந்து அனுப்புகிறோம். சனிக்கிழமை கூட்டத்தில் என் பங்கை நானே வாசிக்கப் போகிறேன். ஏற்றும்போது வாங்குகிறவர்களின் வருமானத்தையும் பாருங்கள், விலைவாசி இறங்கினால் மருந்து விலையையும் இறக்குங்கள் என்று இரண்டு பக்கம் எழுதிவிட்டேன். மூன்றாவது பக்கத்தில்தான் நிற்கிறேன்.

யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றீர்கள். உங்கள் பெயரைப் போடமாட்டேன், தெருவையும் சொல்லமாட்டேன். நீங்கள் மாத்திரையைப் பாதியாக உடைத்ததை மட்டும் கூட்டத்தில் சொல்லட்டுமா அக்கா?