கேபிள் இழுக்கும் மெஷின்

அன்புள்ள பிச்சையம்மாளுக்கு,

ஜித்ரா கேம்பிலிருந்து உன் வீட்டுக்காரன் பரஞ்சோதி எழுதுகிறேன். எனக்கு ஒரு குறையும் இல்லை. உன் இருமல் விட்டதா? அம்மாவுக்குக் கால் வீக்கம் வடிந்ததா?

தோட்டத்தில் ரப்பர் பால்மரம் சீவிய கைக்கு இப்போது மெஷின் வேலை கொடுத்திருக்கிறார்கள். மண்ணுக்கடியில் புதைத்த குழாய் வழியாக ஜப்பான்காரனின் டெலிபோன் கேபிளை இழுக்கும் மெஷின். நான் கைப்பிடியைச் சுற்றினால் கேபிள் நகரும். எங்கேயாவது சிக்கினால் ஒல்லியான ஆள் ஒருவன் குழாய்க்குள் ஊர்ந்துபோய் எடுத்துவிட வேண்டும். அவன் உள்ளேயிருந்து தட்டினால் நான் நிறுத்த வேண்டும்.

போன வாரம் நம் பக்கத்து வீட்டு அந்தோணிதாஸ் உள்ளே போனான். பாதியில் தட்டினான்.

"தட்டுறாண்ணே," என்றேன் எங்களை வேலை வாங்கும் மண்டோரிடம்.

"பின்னால ஜப்பான்காரன் நிக்கிறான்லா. நீ சுத்து."

சுற்றினேன். கொஞ்ச நேரம் தட்டினான், பிறகு தட்டவில்லை. கேபிள் நல்லபடியாக வந்து சேர்ந்தது. எனக்கு ஒரு சிகரெட் கொடுத்தார்கள். அவனை எடுக்கத் தோண்ட விடவில்லை, குழாய் கெட்டுவிடுமாம். நீ பயப்பட ஒன்றுமில்லை, நான் மெஷின் பக்கம்தான் நிற்கிறேன்.

அவன் மனைவி கேதரினிடம் காய்ச்சலில் போய்விட்டான் என்று சொல். எங்கே புதைத்தார்கள் என்று கேட்டால் ஜித்ராவில் என்று சொல், அது பொய்யில்லை.

ஒரு துண்டு சோப்பும் என் பழைய கைலியும் கொடுத்தனுப்பு. இதைக் கொண்டுவரும் முனியாண்டியை லாரியில் ஏறச் சொல்லிக் கத்துகிறார்கள்.

இன்னொன்று. இனிமேல் ராத்திரியில் கதவைத் தாழ்போடாதே. நான் வந்தால் தட்ட மாட்டேன்.

பரஞ்சோதி