கை தட்டிய மண்டபம்

இன்று காலை மண்டபத்தில் மார்க்கர் ஒன்றின் மூடியைக் கழற்றினேன். அந்த மணம் எழுந்ததும் நீயும் நினைவில் வந்துவிட்டாய். எழுதுமுன் ஒவ்வொரு மார்க்கரையும் மூக்கருகே பிடித்து, காய்ந்ததா இல்லையா என்று பார்ப்பது உன் பழக்கம். "எழுதிப் பாத்தாத் தெரியாதா?" என்று நான் கேட்பேன். "எழுதினா மை போகும், மணந்து பாத்தா என்ன போகும்?" என்பாய். மார்க்கர் மையில் அவ்வளவு சிக்கனம் பிடித்தவள், உன் உடம்பை மட்டும் அள்ளி இறைத்தாய்.

வெளியே மழை. தொடங்கியது இன்னும் விடவில்லை. கடலின் இரைச்சல் கூடிக்கொண்டே போகிறது; தோணிகளை வீட்டு மதில்வரை இழுத்து ஏற்றிவிட்டார்கள். மேற்கே நாவிதன்வெளிப் பக்கம் வயல்வட்டை முழுவதும் வெள்ளம், வயலும் வாய்க்காலும் ஒன்றாகிவிட்டன என்று கணக்கெடுப்புப் பயிற்சிச் செயலமர்வுக்கு வந்த பிள்ளைகள் சொன்னார்கள். வயலில் நீர் ஏறினால் எலி மேட்டுக்கு வரும். எலி வந்தால் பின்னால் எந்தக் காய்ச்சல் வரும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வரவேற்புரை சொன்னவர் "நல்ல மழை, அல்லாஹ்ட றஹ்மத்து" என்று இறையருளைச் சொன்னபோது எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

அந்தப் பழைய நிபுணர் கலந்துரையாடலை நினைத்துக்கொண்டேன். காய்ச்சல் பற்றி வீடு வீடாகக் கேட்ட கணக்கெடுப்பு முடிந்து, அதைப் பற்றிக் கதைக்கக் கூடியிருந்தோம். கொழும்பிலிருந்து வளவாளராக வந்த வைத்தியர் திரையில் வரைபடத்தைப் போட்டார். எலிக்காய்ச்சல்காரரால் ஆசுபத்திரிக் கட்டில்கள் நிறைந்து கிடந்த அதே பருவத்தில், எங்கள் கரையோர ஊர்களில் கணக்கெடுப்பில் பதில் சொன்னவர் எல்லாருக்கும் நல்ல சுகம். அவர் நல்ல மனிதர், கெட்டிக்காரர். "இப்பிடி ஒரு ஊர் உலகத்தில இருக்கேலாது, எங்கயோ பிழைச்சிருக்கு" என்று சொல்லிவிட்டு எங்களைப் பார்த்தார். ஆளாளுக்கு மாதிரி எடுப்பில் பிழை என்றார்கள், மொழிபெயர்ப்பில் பிழை என்றார்கள். நீ கையை உயர்த்தாமலே எழும்பினாய். உனக்கு எப்போது கையை உயர்த்திப் பழக்கம்?

"முதல் கேள்விய வாசிங்க சேர்."

"உங்கட சுகம் எப்பிடி, எண்டு இருக்கு."

"அதுக்கு எங்கட ஊருல ஒரு பதில்தான் சேர் இரிக்கி. அல்ஹம்துலில்லாஹ். காச்சல்ல கிடந்தாலும் அதுதான், கால் முறிஞ்சாலும் அதுதான். சுகமா இரிக்கன் எண்டு சொல்ற பதில் இல்ல அது. முறைப்பாட்டுக்கு முன்ன படைச்சவனுக்குச் சொல்ற நன்றி."

கணக்கெடுக்கப் போனவர்கள் வெளியூர்ப் பிள்ளைகளாக இருந்திருந்தால், அப்படிச் சொன்னால் என்ன பொருள் என்று திருப்பிக் கேட்டிருப்பார்கள். நம் பிள்ளைகள் அந்தச் சொல்லோடு பிறந்து வளர்ந்தவர்கள். தாங்களும் கூடவே "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லி, சுகம் என்ற கட்டத்தில் புள்ளடி போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போயிருந்தார்கள். நம் ஊரார் மட்டுமே விடக்கூடிய பிழை அது.

"அப்ப என்ன செய்யிற?" என்று வைத்தியர் கேட்டார்.

"நன்றி சொல்லி முடியட்டும். மறுகா நாம பேசாம இரிக்கணும். அதுக்குப் பொறகு வாற கதைதான் நமக்கு வேணும்."

அன்றிலிருந்து நம் செயலமர்வுகளின் முதல் பயிற்சி அதுவானது. இருவர் இருவராக உட்கார வேண்டும். ஒருவர் சுகம் கேட்க வேண்டும். மற்றவர் நன்றி சொன்ன பிறகு, கேட்டவர் வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். பட்டம் பெற்ற பிள்ளைகளுக்கு அதுதான் எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது. புள்ளிவிபரம் என்றால் வெளுத்து வாங்குவார்கள், சும்மா இருக்கச் சொன்னால் சிரிப்பு வந்துவிடும். "சும்மா இரிக்கிறதுக்கும் ஒரு படிப்பு வேணும் புள்ளைகாள்" என்று நீ மேசையில் தட்டுவாய்.

உன் கடைசிச் செயலமர்வும் இப்படியொரு மாரியில்தான் நடந்தது. அதற்கு முந்திய நாட்களில் நீ வட்டைக்குள்ளேயே கிடந்தாய். சப்பாத்து சேற்றில் புதைகிறது என்று கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, வெறுங்காலோடு வரம்பில் நடந்து, வயலுக்கு இறங்குமுன் விழுங்க வேண்டிய மாத்திரையை விழுங்கினீர்களா என்று விவசாயிகளிடம் கேட்டுத் திரிந்தாய். நத்தை ஓடு குதிகாலைக் கிழித்ததைக்கூட நொண்டிக் காட்டிச் சிரித்தாய். நீ மாத்திரை விழுங்கினாயா என்று கேட்டதற்கு, "நான் என்ன வேளாமையா செய்யிறன்?" என்றாய். ஊருக்குத்தான் உபதேசம்.

அன்று மண்டபத்துக்கு நீ வந்தபோது கண்கள் சிவந்திருந்தன. நித்திரை இல்லை என்றாய். புரியாணிப் பொதியைத் திறக்காமலே எனக்குத் தள்ளினாய். புரியாணியை விட்டவள் நீ! அப்போதே எனக்குள் ஒன்று இடறியது. வைத்தியரும் வந்திருந்தார். "என்ன, சுகமா இருக்கிறீங்களா?" என்று உன்னைக் கேட்டார். "அல்ஹம்துலில்லாஹ் சேர்" என்றாய். அவர் தலையாட்டிவிட்டுக் கதிரைக்குப் போனார்.

பிறகு பயிற்சி. பிள்ளைகள் கூச்சப்பட்டதால், "சரி, நான் நோயாளி, என்னட்டக் கேளுங்க" என்று நீயே முன்னால் கதிரையைப் போட்டு உட்கார்ந்தாய். ஒரு பிள்ளை எழும்பி வந்து சுகம் கேட்டாள். நீ நன்றி சொன்னாய். அவள் சொல்லிக் கொடுத்தபடியே காத்திருந்தாள். மண்டபம் முழுவதும் காத்திருந்தது. நீ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு மெதுவாக, வேறு யாரோ கதைப்பதுபோல் சொன்னாய்.

"காச்சல்தான் புள்ள. தல வெடிக்கிறாப்போல இரிக்கி. கெண்டைக்கால் ரெண்டும் உளையிது, நிக்க ஏலாது. வயலுக்குப் போய் வந்த நான்."

மண்டபம் கை தட்டியது. எவ்வளவு இயல்பாகச் செய்து காட்டினாய் என்று தட்டினார்கள். வைத்தியரும் தட்டினார், நானும் தட்டினேன். ஒரு பையன் நீ சொன்னவற்றை ஒவ்வொன்றாகப் பலகையில் எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டான். எலிக்காய்ச்சலைப் பற்றிக் கதைக்கவென்றே கூடிய அத்தனை பேர் நடுவில் நீ உன் நோயைச் சொன்னாய். நாங்கள் அதைப் பாராட்டினோம். நீயும் சிரித்தாய். அந்தச் சிரிப்பை இன்றுவரை என்னால் வாசிக்க முடியவில்லை. அப்போது நடித்தாயா, அல்லது கதிரையில் அமர்ந்து நோயாளியான பிறகுதான் உண்மையைச் சொல்ல வாய் வந்ததா? கேட்க நீ இல்லை. அன்று நீ நேரே வீட்டுக்குப் போய்விட்டாய்; காய்ச்சல் சிறுநீரகத்தைப் பிடித்து, சிறுநீர் நின்ற பிறகுதான் உன்னை ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அந்த வாரம் முடியுமுன் உன் மவுத்துச் செய்தி பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் வந்தது. அல்லாஹ் உன் கபுறுக் குழியை விசாலமாக்கி வைக்கட்டும். ஆனால் என் கோபம் கோபம்தான். என்மேலும் இருக்கிறது, உன்மேலும் இருக்கிறது.

அதற்குப் பிறகு நான் ஒரு சட்டம் வைத்தேன். பயிற்சியில் யாராவது காய்ச்சல் என்று சொன்னால், நடிப்பென்று தெரிந்தாலும் நெற்றியில் கை வைத்துப் பார்ப்பேன். பிள்ளைகள் சிரிப்பார்கள். "மிஸ்ஸுக்கு எதிலயும் சந்தேகம்" என்று பின்னால் கதைப்பதும் எனக்குத் தெரியும். எத்தனையோ நெற்றிகளைத் தொட்டிருக்கிறேன், எல்லாம் குளிர்ந்தவை. ஒவ்வொரு தடவையும் வெட்கமாகவும் நிம்மதியாகவும் கையை எடுப்பேன்.

இன்று நோயாளியாக உட்கார்ந்தவள் புதிதாகச் சேர்ந்த கள ஆய்வாளர். கலகலப்பான பிள்ளை. போன கிழமை முழுவதும் வட்டைக்குள் சோதனைக்காகத் தண்ணீர் மாதிரிகள் எடுத்தவள். நன்றி சொன்னாள், அமைதியாக இருந்தாள், பிறகு காய்ச்சல் என்றாள், கால் உளைவு என்றாள். நான் முன்னால் போய்க் கையை வைத்தேன். நெற்றி சுட்டது. என் முதுகுக்குப் பின்னால் கை தட்டத் தொடங்கினார்கள்.

"தட்டாதீங்க!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே பயமாக இருந்தது. "ஓட்டோ ஒண்டக் கூப்பிடுங்க, கெதியா."

வழிநெடுக அவள் சொல்லிக்கொண்டே வந்தாள்: "மிஸ், சும்மா பயப்பிடுறீங்க. எனக்கு ஒண்டுமில்ல. பயிற்சிக்குத்தானே சொன்ன." அவள் மணிக்கட்டை நான் விடவில்லை. விட்டிருந்தால் பாய்ந்து வீட்டுக்குப் போயிருப்பாள், உன்னைப்போலத்தான்.

இப்போது அவள் ஆசுபத்திரிக்குள் இருக்கிறாள். இரத்தம் எடுத்திருக்கிறார்கள், முடிவு வரவில்லை. அவளுடைய உம்மா வந்துகொண்டிருக்கிறார். நான் வெளி வாங்கில் உட்கார்ந்து தொலைபேசியில் உனக்கு இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். வட்டைப் பக்கமிருந்து இன்னும் இரண்டு பேரை முதுகில் கைகொடுத்துக் கூட்டி வந்தார்கள். ஒருவருடைய சிவந்த கண்ணைப் பார்த்தேன், பார்க்காமல் இருந்திருக்கலாம். மழை தகரத்தில் அடித்துக்கொண்டிருக்கிறது.

சற்று முன் தாதி வெளியே வந்தார். பிள்ளைக்குச் சிறுநீர் போகிறதா என்று கேட்டேன். "போகுது" என்றார்.

அல்ஹம்துலில்லாஹ் என்றேன். மனதாரச் சொன்னேன். தாதி போகத் திரும்பினார். நான் எழும்பி அவருக்கு முன்னால் போய் நின்று, அடுத்து அவர் என்ன சொல்வார் என்று பேசாமல் காத்திருந்தேன்.