பிரிக்காத எட்டுக் கவர்கள்

மார்ச் 3, செவ்வாய்

நாத்தனார் மறுபடியும் போன் செய்தாள். அவள் வேலை பார்க்கும் இன்சூரன்ஸ் ஆபீஸில் ஓர் இடம் காலியாகிறதாம். "உக்காந்து பாக்கற வேல அண்ணி. மாசக் கடைசிக்குள்ள சொல்லிடுங்க." பன்னிரண்டு வருஷமாக நின்றே பழகிய என் கால்கள் அப்போதே சரி சொல்லிவிட்டன. நான்தான் இன்னும் சொல்லவில்லை. ஏன்? தெரியவில்லை.

இன்று என்ன செய்தேன்? ஆஸ்பத்திரி மருந்தகத்தில் மாத்திரை எண்ணினேன். தட்டில் கொட்டி, ஐந்தைந்தாகத் தள்ளி, கவரில் போட்டு, மேலே எழுதி, ஸ்டேப்ளர் பின் அடித்து, ஜன்னல் வழியாக நீட்டினேன். நூறு பேருக்கு மேல். ஒரு முகம்கூட நினைவில் இல்லை.

மார்ச் 5, வியாழன்

அம்மா என்ன வேலை செய்கிறார் என்று பள்ளியில் எழுதி வரச் சொன்னார்களாம். மகள் நோட்டோடு வந்து நின்றாள்.

"டாக்டரா?"

"இல்ல."

"நர்ஸா?"

"இல்லடி. டெக்னீஷியன்."

"டிவி ரிப்பேர் பண்றவங்க மாதிரியா?"

அவள் அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். அப்புறம் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 6, வெள்ளி

கால் வீக்கம். ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வருகிறாள். சரி என்று நேரிலேயே சொல்லிவிடுகிறேன்.

மார்ச் 7, சனி

இறந்தவர்களின் மிச்ச மருந்தைச் சிலர் திருப்பிக் கொண்டுவருவார்கள். வாங்கிப் பதிந்து, அழிக்க அனுப்புவோம். இன்று ஒரு பெண், என்னைவிடச் சின்னவள், ஒரு துணிப்பையை நீட்டினாள். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து மூன்றே நாளில் போய்விட்டாராம்.

பையைத் தட்டில் கவிழ்த்தேன். எட்டுக் கவர்கள். எல்லாவற்றிலும் 'இரவு 1' என்று என் கையெழுத்து. நான் அடித்த ஸ்டேப்ளர் பின்கூட அப்படியே இருந்தது. இரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரை. எட்டு மாத மருந்து. ஒன்றைக்கூடத் தொடவில்லை.

"இத சாப்பிடவே இல்லியா?"

"காலைக்குக் குடுக்கறதும் இதுவும் ஒரே மாத்திரதானேக்கா? தவறிப்போய் ரெண்டு தடவ குடுத்துடறாங்கன்னு அப்பா சொல்லுவாரு. போய்ச் சொல்லுங்கப்பான்னேன். வேணாம்மா, அந்தப் பொண்ணு தல நிமிராம வேல பாக்குது, சொன்னா திட்டு வாங்கும், பாவம்னுட்டாரு."

காலை மாத்திரை இரத்த அழுத்தத்துக்கு. இரண்டும் சின்னதாக, வட்டமாக, வெள்ளையாக இருக்கும். ஆனால் வேறு வேறு.

"ஒரே மாத்திரதானக்கா?"

"பாத்துச் சொல்றேன்" என்றேன். பார்க்க என்ன இருக்கிறது?

மார்ச் 8, ஞாயிறு

நாத்தனார் வந்து போனாள். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "என்ன அண்ணி, பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க?"

மார்ச் 9, திங்கள்

தலைமை மருந்தாளுநரிடம் சொன்னேன். நாங்கள் அவரைக் கடிகாரம் என்போம். யாரிடம் பேசினாலும் கண் சுவரில் மணி பார்க்கும்.

"எழுதினது சரி, எண்ணினது சரி. அப்ப உன் மேல தப்பில்ல. விளக்கிச் சொல்றது என் வேல. இந்தக் கூட்டத்துல எங்க முடியுது? விடு."

விடு. எப்படி விடுவது? "காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு" என்று ஒரே மூச்சில் எல்லோருக்கும் சொல்வேன். அதைக் கேட்டால் யாருக்கும் ஒரே மாத்திரை என்றுதானே தோன்றும்? அவருக்கும் அதையேதான் சொல்லியிருப்பேன். எட்டுத் தடவை. முகம் நினைவுக்கு வருகிறதா என்று பார்க்கிறேன் — வரவில்லை. நான் திட்டு வாங்கக் கூடாதுன்னு நெனச்ச மனுஷன். நான் நிமிந்துகூடப் பாக்கலயே.

மார்ச் 11, புதன்

அந்தப் பெண்ணிடம் சொல்லாமலே இருந்துவிட்டால்? மாத்திரை சாப்பிட்டிருந்தாலும் பக்கவாதம் வந்திருக்கலாம், யார் கண்டது? சொன்னால் அவள் நிம்மதி போய்விடும். — அவ நிம்மதியா, என் நிம்மதியா? யார ஏமாத்தறேன்?

மார்ச் 14, சனி

பதிவேட்டில் விலாசம் இருந்தது. தையல் கடை. அந்தப் பெண் பாவாடைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். இரண்டும் வேறு மாத்திரை என்று நின்றபடியே சொன்னேன். மெஷின் நின்றது.

"எட்டு மாசம் உங்க முன்னாடி வந்து நின்னாரு. இது வேற, அது வேறன்னு ஒரு வார்த்த... ஒரே ஒரு வார்த்த சொல்ல உங்களுக்கு வாய் வரலியா?"

சாப்பிட்டிருந்தால் பிழைத்திருப்பார் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, இப்படி ஒரு வாக்கியத்தை வழியெல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன். விழுங்கிவிட்டேன்.

பாவாடையை மடித்து வைத்துவிட்டு, "நானாவது வந்து கேட்டிருக்கலாம்" என்றாள். அழவில்லை. "போங்க. ஆளுங்க வர்ற நேரம்."

மார்ச் 17, செவ்வாய்

ஒன்றுக்கும் உதவாத வேலை என்று சலித்துப்போய்க் கிளம்ப இருந்தேன். இப்போது கிளம்பத் தோன்றுவது பயத்தினால். ஒன்றுக்கும் உதவாத வேலைக்கு யாராவது இப்படிப் பயப்படுவார்களா?

கடிகாரத்திடம் போனேன். "ரெண்டு மாத்திர ஒரே மாதிரி இருந்தா நான் பிரிச்சுக் காட்டித்தான் குடுப்பேன் சார். சந்தேகம் கேட்டாங்கன்னா உங்களக் கூப்பிடுவேன். நீங்க எந்திரிச்சு வரணும்."

"வரிசை?"

"நிக்கட்டும்."

நானா சொன்னேன்? அவர் சுவரை விட்டு என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

மார்ச் 31, செவ்வாய்

நாத்தனார் போன். மூன்று தடவை. மூன்றாம் தடவை எடுத்தேன்.

ஏப்ரல் 20, திங்கள்

வரிசை வாசலைத் தாண்டிவிட்டது. இரண்டு பேர் சத்தம் போட்டார்கள். ஆபீஸ் இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்றாம். நாத்தனார் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பதினோரு மணிக்கு ஓர் அம்மாள். இரண்டு கவரிலிருந்தும் ஒவ்வொன்று எடுத்துத் தட்டில் வைத்துக் காட்டினேன். "பாக்க ஒண்ணு போலத்தாம்மா இருக்கும். இது வேற, இது வேற."

"அதெல்லாம் எனக்குத் தெரியும், குடு." பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு போனார். நாலடி வைத்ததும் நின்றார். டோக்கன் நீட்டிக்கொண்டிருந்தவரை முழங்கையால் தள்ளிவிட்டுத் திரும்ப வந்தார். கைப்பையிலிருந்து கசங்கிய பழைய கவர் ஒன்றை எடுத்து வைத்துக் குரலைத் தாழ்த்தினார்.

"கோவிச்சுக்காத. அப்ப இது எதுக்கும்மா?"