துக்க வீட்டு மாத்திரைகள்

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

தங்களுக்கு எழுதத் துணிந்தமைக்கு மன்னித்தருளுங்கள். நேரில் சொல்ல எனக்குத் தைரியமில்லை.

துக்க வீடுகளில் ஜெபித்துவிட்டு, இறந்தவர்கள் மீதம் விட்டுப்போன மாத்திரைகளை ஏழைகளுக்கென்று தாங்கள் வாங்கிச் சேர்க்கும் டப்பாவைத் திறந்தேன். வைட்டமின் டி குளிகைகள் உடைந்து, எண்ணெயில் எறும்பும் யாருடைய நரைமுடியோ ஒட்டிக் கிடந்தன. கால்சியம் அட்டைகள் எல்லாம் காலி. தங்கள் மாத்திரை போதாதென்று இவற்றையும் விழுங்கியிருக்கிறீர்கள். கேட்டதற்கு, "வீணாப் போட்டா பாவம்லா, ரீபா" என்றீர்கள். இறந்தவர் தலைமாட்டில் கிடந்ததை உண்பதா?

இரத்தத்தில் கால்சியம் பத்தரைக்குள் இருக்க வேண்டுமாம், தங்களுக்குப் பதின்மூன்று. "என்ன சார்வாள், சுண்ணாம்புக் காளவாசலையே முழுங்கிட்டியளா?" என்று பரிசோதனை நிலையத்தில் சிரித்தார்கள். மருத்துவர் சிரிக்கவில்லை, இன்றே மருத்துவமனையில் சேர்க்கச் சொன்னார்.

படுக்கைக்குச் சொல்லிவைக்க முன்னே செல்கிறேன். பதினொரு மணிக்குத் தங்கள் மகன் ஆட்டோவுடன் வருவார். ரசம் சாதம் மேசையில் இருக்கிறது. தண்ணீர் நிறையக் குடியுங்கள், பால் வேண்டாம்.

பணிவுடன்,
மருமகள் ரீபா

பி.கு.: டப்பாவை அப்புறப்படுத்திவிட்டேன். தயவுசெய்து தேடாதீர்கள்.

இன்னொன்று. இந்த மாத்திரைகளால் இரண்டு மாதங்களில் தாங்கள் இழந்தவை: ஆறு கிலோ எடை, சிறுநீரகத்தின் பாதி வலு, பேத்தி பெர்லினின் பெயர். நேற்று அதை அவளிடமே கேட்டீர்கள்.