பசு கேட்டவளுக்கு வந்த சைட்போர்டு

சர்வேசுரன் துணை

திண்டிவனம்,
1938 ஆகஸ்டு 16, மாதா திருநாளுக்கு மறுநாள்.

விழுப்புரம் ரயில்வே குடியிருப்பில் இருக்கும் மாப்பிள்ளை ராஜாமணி அவர்களுக்கு மாமனார் ராயப்பன் தன் கையாலேயே எழுதுவது. நீங்களும் என் மகள் சின்னபொண்ணும் நோய்நொடி இல்லாமல் இருக்கத் தினமும் மன்றாடுகிறேன். இதற்குமேல் வருவதெல்லாம் உங்கள் மாமியாருக்கு. தயவுசெய்து அவளை உட்கார வைத்து உரக்கப் படித்துக் காட்டவும். “எனக்கு ஒண்ணும் கேக்க வாணாம்” என்று எழுந்து அடுப்படிக்குப் போவாள். நீங்கள் அடுப்படி வாசலில் நின்றுகொண்டு படியுங்கள்.

இருதயமேரி அறியவும். நீ கோபித்துக்கொண்டு ரயிலேறி இன்றோடு பத்தொன்பது நாள். நான் சுகம். கோழிகள் சுகம். வெள்ளிக்கிழமை தொடங்கிய கடிதம் இது, இன்று செவ்வாய். ஒரு எழுத்துக்குக் கொம்பும் காலும் போட்டு முடிப்பதற்குள் சொல்ல வந்தது மறந்துபோகிறது. ஆனாலும் என்ன ருசி என்கிறாய்! எழுதியதைத் திரும்பப் படித்தால் நான் பேசுவது எனக்கே கேட்கிறது. அறுபத்திரண்டு வயது வரைக்கும் இந்தச் சுகம் தெரியாமல் இருந்துவிட்டேன். எழுத்துச் சொல்லிக்கொடுத்த கோயில் உபதேசியார் நன்றாக இருக்கட்டும்.

இப்போது உண்மையைச் சொல்கிறேன். அந்தச் சைட்போர்டை நானே பிரியப்பட்டுக் கேட்டு வாங்கியதாக அன்றைக்குச் சொன்னேன் அல்லவா? அது பொய்.

என்ஜினீயர் துரை சீமைக்குத் திரும்புவதால், பங்களாவில் வேலை செய்த ஒவ்வொருவரும் ஒரு பொருளை எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். “நேரா மாட்டுக் கொட்டாய்க்குப் போய் அந்தச் செவலப் பசுவக் கேளு, வேற எதையும் திரும்பிப் பாக்காதே” என்று நீ சொல்லி அனுப்பினாய். தோட்டக்காரன் பெண்டாட்டியாக ஆறு வருஷம் அதற்குப் புல் அறுத்துப் போட்டவள் நீ. நான் மறக்கவில்லை. ஆனால் பட்லர் என்ன செய்தார் என்றால், ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டு கொடுத்தார். பின்பக்கம் பசை தடவியிருந்தது. அதில் பெயர் எழுதி, வேண்டிய பொருளின்மேல் ஒட்ட வேண்டும். மற்றவர்களுக்கெல்லாம் அவரே எழுதிக் கொடுத்தார். காவல்கார முருகையன் கைநாட்டு வைத்தான். என் முறை வந்தபோது, “நானே எழுதிக்கிறேன்” என்றேன்.

எழுதுவதற்குச் சமமான இடம் வேண்டாமா? சாப்பாட்டு அறையில் என் இடுப்பு உயரத்துக்கு வழவழவென்று ஒரு பலகை தெரிந்தது, பீங்கான் தட்டுகள் வைக்கும் பெட்டியின் மேல்பலகை. அதன்மேல் சீட்டை வைத்து எழுதினேன். ஐந்தே எழுத்து. ‘ரா’வுக்குக் கால் போட்டு, இரண்டு ‘ப’விலும் முதலாவதற்குத்தான் புள்ளி என்பதை ஞாபகப்படுத்திக்கொண்டு, ‘ன்’ வரைக்கும் வந்து சேர்ந்தேன். சீட்டை எடுத்தால் வரவில்லை. பசை காய்ந்து போயிருந்தது.

நகத்தால் சுரண்டிக்கொண்டிருக்கும்போதே துரைசானி வந்துவிட்டார்கள். சீட்டைப் பார்த்தார்கள். என்னைப் பார்த்தார்கள். “ராயப்பன், நீயா எழுதியது?” என்று கேட்டு, கை தட்டினார்கள். துரை தட்டினார். பட்லர் தட்டினார். சமையல்காரன்கூடத் தட்டினான். துரைசானி என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அதற்குப்பிறகு, ‘அம்மா, நான் இதில் ஒட்ட வரவில்லை, பசுவின் கொம்பில் கட்ட வந்தேன்’ என்று எந்த வாயால் சொல்வது? கைநாட்டு வைத்த முருகையனுக்குப் பசு போனது. கையெழுத்துப் போட்ட எனக்கு மரப்பெட்டி வந்தது. வீட்டுக்கு வந்து இதை உன்னிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. அதனால், “ஒனக்கு இன்னா தெரியும் இதோட அருமை?” என்று கத்தினேன். தப்பு.

அப்புறம் நடந்தது உனக்கே தெரியும். வண்டிக்கார மண்ணாங்கட்டி, “இதுக்கு இன்னா பேரு, எங்க எறக்கணும்?” என்று ஒரே மூச்சில் கேட்டான். “சைட்போர்டு” என்று பட்லர் சொல்லிக்கொடுத்த பெயரைச் சொன்னேன். “சரி, சைடுலயே போட்டுடறேன்” என்று சுவர் ஓரத்துச் சேற்றில் இறக்கிவிட்டுப் போய்விட்டான். அது நம் வீட்டு வாசலில் எப்படித் திருப்பினாலும் நுழையவில்லை. “அந்தப் பொட்டிய வச்சிக்கினு நீயே குடும்பம் நடத்து” என்று சொல்லிவிட்டு நீ போனாய்.

நீ போன பிறகு வந்த பேஜாரைக் கேள். பெட்டியின் முதுகில் கண்ணாடி இருக்கிறது அல்லவா, நம் சேவல் அதற்குள் இன்னொரு சேவலைக் கண்டுபிடித்து விடிந்ததிலிருந்து சண்டை. கோழிகள் இழுப்பறையில் முட்டை வைத்தன. பக்கத்து வீட்டு முனியம்மாள் தினமும் அங்கேதான் தலை வாருகிறாள். மரத்தில் செதுக்கிய திராட்சைக் குலையும் கிளியும், கால்களில் வாய் பிளந்த இரண்டு சிங்கமும் பார்க்கத் தெருவே வந்தது. திருவக்கரைக் காளி கோயிலுக்குப் போகிற வண்டி ஒன்று நின்று, ஒரு கிழவி சிங்கத்துக்குக் குங்குமம் வைத்துவிட்டாள். பங்குச்சாமியார் கண்ணில் படும் முன் துடைக்க நான் பட்ட பாடு!

போன வாரம் முருகையன் வந்தான். துரை போனதால் வேலையும் போய்விட்டது, சந்தைப்பேட்டையில் சோடாக்கடை வைக்கிறான். பாட்டில்களை அடுக்கி வைக்க இந்தப் பெட்டி வேண்டும் என்றான். “பசுவ ஓட்டிக்கினு வந்துடறேன் அண்ணா, அது என் பெஞ்சாதிய ஒதைக்குது” என்றான். மாற்றிக்கொண்டோம். என் பெயர்ச் சீட்டைத் தண்ணீர் ஊற்றிச் சுரண்டிப் பார்த்தான், வரவில்லை. இப்போது சந்தையில் எல்லோரும் அதை ராயப்பன் சோடாக்கடை என்கிறார்கள். அவனுக்குக் கோபம். எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்தான், மறைக்க மாட்டேன்.

ஆக, செவலை இப்போது நம் வீட்டில் நிற்கிறது. ஆனால் கிட்டே போனால் என்னையும் உதைக்கிறது. முனியம்மாள் ஒரு யோசனை சொன்னாள். அதன்படி உன் பழைய பச்சைப் புடவையைத் தலையோடு போர்த்திக்கொண்டு போய் உட்கார்ந்தேன். பசு மோந்து பார்த்துச் சாதுவாக நின்றது. அரைச் செம்பு பால் கறந்துவிட்டேன். அப்போது முந்தானை நழுவி மீசை தெரிந்துவிட்டது. செம்பு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். “யக்கா, நல்லா கீறியா?” என்று தெருவில் இளவட்டங்கள் கேட்டுக்கொண்டு போகிறார்கள். முழங்காலில் வீக்கம். நொச்சி இலை வைத்துக் கட்டியிருக்கிறேன், பயப்படாதே.

கேப்பைக் களி கிண்டினால் அடி பிடிக்கிறது. மல்லாட்டைக் கடலையை வறுத்துத் தின்று காலம் தள்ளுகிறேன். சனிக்கிழமை காலை வண்டிக்கு ஸ்டேஷனில் வந்து நிற்பேன். நீ வராவிட்டால் ஞாயிற்றுக்கிழமையும் நிற்பேன். அதற்கப்புறமும் நிற்பேன். பசு உன்னைத் தேடுகிறது. பசு என்று மட்டும் எழுதிவிட்டேன், அது சரியில்லை.

மாப்பிள்ளை, இதற்குக் கீழே ஒரு வரிக்கு இடம் வெறுமையாக இருக்கும். அது உங்கள் வாயால் சொல்லக்கூடிய விஷயம் இல்லை. காகிதத்தை அப்படியே உங்கள் மாமியார் கையில் கொடுத்துவிட்டு, சற்று வெளியே போய் வாருங்கள். இருதயமேரி, எழுத்துத் தெரியாததால் விட்ட இடம் இல்லை அது, படிக்கத் தெரியாத நீயும் படிக்கலாம் என்று விட்டது.




இப்படிக்கு,
ராயப்பன்