சம்மந்தி கொண்டுவந்த பொங்கல்

மொன்றியல்,
தை 3

அன்புள்ள சிவநேசம் அண்ணைக்கு,

இங்கை நாங்கள் சுகம். குளிருக்குத்தான் எங்களோடை ஏதோ கோபம். உங்கடை முழங்கால் நோ எப்பிடி? எண்ணெய் பூசுறீங்களோ, இல்லாட்டி அண்ணி சொல்லிச் சொல்லிக் களைச்சிட்டாவோ?

இவர் கண்மூடி இன்னும் வருசம் திரும்பேல்லை, அதாலை இந்தமுறை எங்கடை அடுப்பிலை பொங்கல் இல்லை. இதைச் சம்மந்திக்கு விளங்கப்படுத்தினதுதான் பெரும்பாடு. அதுதான், மருமகள் கமிலின்ர தாய் ஜினெட். யேசு பிறந்த நத்தாருக்கு லவாலிலை தன்ர வீட்டுக்கு வரச்சொல்லிக் கேட்டா. ஆட்டைத்திவசம் முடியுமட்டும் கொண்டாட்டங்களுக்குப் போறேல்லை, தைப்பொங்கலுக்கும் பொங்கிறேல்லை எண்டு மகன் பிரணவனைக் கொண்டு பிரெஞ்சிலை சொல்லுவிச்சன். மனிசிக்கு ஆயிரம் கேள்வி. சமைக்கக் கூடாதோ, சாப்பிடவும் கூடாதோ, அப்ப ஆர் சாப்பாடு தருவினம் எண்டு கேட்டா. ஊரிலை எண்டால் பிறத்தியார் பொங்கிக் கொண்டுவந்து தருவினம், இங்கை ஆர் இருக்கினம் எண்டன். பேந்து அவவின்ர சிலமனே இல்லை, ஒரு போன்கூட இல்லை. கோவிச்சிட்டா எண்டுதான் நினைச்சன். மகனும் மருமகளும் எங்களுக்கு நடுவிலை கிடந்து முழிக்கப் போகுதுகள் எண்டு எனக்கு நித்திரை இல்லை.

பொங்கலண்டு காலமை ஆரோ கதவைத் தட்டிச்சினம். திறந்தால் ஜினெட், தலையெல்லாம் பனி, துவாயாலை சுத்தின சட்டியோடை நிக்கிறா. சக்கரைக்குப் பதிலா மேப்பிள் மரத்துப் பாணி. அரிசி கொஞ்சம் நறுக்கெண்டுதான் இருந்தது. பால் பொங்கி வழியேக்கை படமும் எடுத்து வைச்சிருந்தா. எந்தப் பக்கம் வழிஞ்சால் என்ன பலன் எண்டு பிரணவனைக் கொண்டு கேட்டா, தெரிஞ்சே ஆகவேணுமாம். அவவின்ர குசினி யன்னல் பக்கம் வழிஞ்சிருக்கு. அது கிழக்கோ மேற்கோ எண்டு அவவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கிழக்கு எண்டு சொல்லிப்போட்டன்.

இவரின்ர படத்துக்கு முன்னாலை கொஞ்சம் வைச்சிட்டு நானும் சாப்பிட்டன். செத்தவீட்டிலை வராத அழுகையெல்லாம் அப்பதான் வந்தது. என்ன செய்யிறது எண்டு தெரியாமல் அவ எனக்கு இன்னொரு கரண்டி போட்டா.

அண்ணை, முறை தெரிஞ்சவர் நீங்கள்தான். பிறத்தியார் தந்தால் சாப்பிடலாம் எண்டபடியால்தான் கை நனைச்சனான். இப்ப அவவைப் பிறத்தியார் எண்டு சொல்ல எனக்கு வாய் வருகுதில்லை. அப்ப நான் சாப்பிட்டது பிழையோ? பிழையெண்டால் அதை எனக்கு எழுதாதேங்கோ. உங்கடை ஆசீர்வாதத்தை மட்டும் எழுதுங்கோ, என்ர பேரோடை அவவின்ர பேரையும் சேர்த்து.

உங்கள் அன்புத் தங்கச்சி,
இந்திராதேவி