வலி தெரியாத இடம்

சரவணம்பட்டி,
ஞாயிறு மாலை.

என் கண்ணு ஜோவிதாவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகனும் அந்தக் குளிர் தேசத்தில் சளி, காய்ச்சல் அண்டாமல் இருக்கக் கர்த்தர் காக்கட்டும். இங்கே அப்பா நலம். நானும் நலம் என்றுதான் இத்தனை நாளும் போனில் சொல்லிக்கொண்டிருந்தேன், இப்போதுதான் அது ஓரளவுக்கு உண்மையாகியிருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன். போனில் என்றால் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொல்ல வேண்டும், அது என்னால் ஆகாது. எழுதி முடித்ததும் அப்பா படமெடுத்து அனுப்புவார், முழுதும் படி, பாதியில் போன் போட்டுவிடாதே.

என் இடது மார்பை எடுத்துவிட்டு அதே இடத்தில் செயற்கை மார்பு வைத்துத் தைத்த பிறகு, நான் எழுந்து நடமாடும் வரை கூட இருந்துவிட்டுத்தானே டப்ளினுக்குத் திரும்பினாய். நீ போன பிறகு ஒருநாள் காலை கேட் அருகே நின்றிருந்தேன். பக்கத்து வீட்டு ராமாமணி அக்கா பார்த்துவிட்டு, "ஏனுங்க டீச்சர், ஜாக்கெட்டு நனைஞ்சிருக்குதுங்களே, காப்பியக் கொட்டிப்போட்டீங்களா?" என்றார். குனிந்து பார்த்தேன், உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சளாய் ஈரம். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை கண்ணு. நரம்பெல்லாம் அறுபட்டதில் அந்தப் பக்கம் தொட்டாலும் தெரியாது, சுட்டாலும் தெரியாது. முந்தின நாள் உடம்பு நடுங்கியதைக்கூட மழைக்காற்று என்று நினைத்து ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்துவிட்டேன். சீழ் வைத்திருக்கிறது என்று வலி சொல்லவில்லை, அக்கா சொல்லித்தான் தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கிருபா பார்த்துவிட்டு, கிருமி உள்ளே போய்விட்டது, மருந்து ஏற்றிப் பார்ப்போம், அடங்கவில்லை என்றால் உள்ளே வைத்ததை எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றார். அடங்கவில்லை. எடுத்துவிட்டார்கள். அப்பா வராந்தாவில் நின்று அழுதாராம். அறைக்கு அவர் வந்தபோது சட்டையில் ஒரு பட்டன் இல்லை, நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். சர்ச்சிலிருந்து வந்தவர்கள் கட்டிலைச் சுற்றி நின்று ஜெபித்தார்கள், எல்லோரும் அழுதார்கள். யாரோ குடையை மறந்துவிட்டுப் போகிறார்களே, கூப்பிட வேண்டுமே என்றுதான் எனக்குத் தோன்றியது. அழுகை வரவில்லை, இன்று வரை வரவில்லை. அதற்காகப் பயப்படாதே. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன்.

உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றது நான்தான். புது வேலை, உடனே விமானம் ஏறிவிடுவாய். அப்பாவுக்கு அதில் சம்மதமே இல்லை. வீடியோவில் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு பேசியதெல்லாம் அதனால்தான்.

"வெச்சுக்கங்கம்மா, மனசுக்குத் தெம்பா இருக்கும்" என்று நீ சொன்னதால்தான் இப்படி ஆயிற்று என்று அங்கே உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருப்பாய். வேண்டாம் அம்மணி. எனக்கும் ஆசை இருந்தது. நீ போன மறுநாள், வீட்டில் யாரும் இல்லாதபோது, அந்த நீலப் பட்டுப்புடவையைக் கட்டிக் கண்ணாடி முன்னால் நின்றேன். முந்தானை பழையபடி ஒழுங்காக உட்கார்ந்தது. பக்கவாட்டில் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. அதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

இப்போது டிரெஸ்ஸிங் செய்வது அப்பாதான். கோழி அறுப்பதைப் பார்க்கவே மாட்டாரே, அவர் நர்ஸிடம் கேட்டுப் பழகிக்கொண்டார். தேங்காய் விலை, தாராபுரம் சித்தி வீட்டில் போர்வெல் போட்டது என்று ஏதாவது பேசிக்கொண்டே துடைப்பார். அவர் துடைப்பது கண்ணுக்குத் தெரிகிறது, உடம்புக்குத் தெரிவதில்லை. புண் பெரும்பாலும் ஆறிவிட்டது, தள்ளிப்போட்ட கீமோவை அடுத்த வாரம் ஆரம்பிக்கிறார்கள். எல்லாம் முடிந்த பிறகு மறுபடி வைத்துக்கொள்கிறீர்களா என்று டாக்டர் கேட்டார். நான் அப்பாவைப் பார்த்தேன். "என்னைய எதுக்குப் பார்க்கறே, ஒடம்பு உன்றது" என்றார். வேண்டாமுங்க என்று சொல்லிவிட்டேன். சொன்னபோது வருத்தமும் இல்லை, நிம்மதியும் இல்லை. ஆனால் தெளிவாகத்தான் சொன்னேன். அதனால் செயற்கை மார்பு பற்றி நீ அனுப்புகிற வீடியோக்களை இனி அனுப்பாதே. லீவு கிடைக்கும்போது வா, அவசரமாக வராதே. வந்தால் காட்டுகிறேன், தழும்பைப் பார்க்க யோசிக்காதே.

இன்னொன்று. இந்தப் புற்றுநோய் குடும்பத்தில் வரக்கூடியதா என்று பார்க்க உனக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கிறதாம், செய்துகொள்ளச் சொல்லுங்கள் என்று டாக்டர் இரண்டு தடவை சொல்லிவிட்டார். ஞாயிறுதோறும் எனக்காக உபவாசம் இருப்பதாகச் சொன்னாய். அதை விட்டுவிடு, நன்றாகச் சாப்பிடு. எனக்காக ஒன்று செய்ய வேண்டும் என்றால் இந்தப் பரிசோதனையைச் செய். என்ன வந்தாலும் முதலில் என்னிடம் சொல். நான் மறைத்த மாதிரி நீ மறைக்காதே.

உன் போக்கிலும் வரத்திலும் தேவன் துணையிருப்பாராக. மருமகனுக்கு எங்கள் ஆசீர்வாதம்.

அன்புள்ள அம்மா,
அருள்செல்வி அமிர்தராஜ்